உப்புநீர் மக்களின் ஊர்: டார்வின் பயணக் குறிப்புகள்

வியாழன்

டார்வினுக்குப் போகிறோம் என்றதும் மெல்போர்ன் நண்பர்கள் எல்லோரும் முதலையைப் பற்றியும் ககாடு காட்டைப் பற்றியும்தான் பேசினார்கள். ககாடு போகிற வழியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பும் ஊர் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். நானும் என் மகளும் இந்த ஊருக்காகவே வந்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் வடக்கு விளிம்பில் இருக்கும் இந்த நகரம் லராக்கியா மக்களின் மண். தங்களை உப்புநீர் மக்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அவர்கள். இந்த இடத்துக்கு அவர்களிடம் இருக்கும் பெயர் கராமில்லா. 1839-ல் பீகிள் கப்பலில் வந்தவர்கள் துறைமுகத்துக்கு அறிவியலாளர் சார்லஸ் டார்வினின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். 1869-ல் நில அளவைக்காரர்கள் வந்து இறங்கி மனை பிரித்தார்கள்.

விமான நிலையத்திலிருந்து டாக்ஸி ஓட்டி வந்தவர் கோட்டயத்துக்காரர். விடுதி வரவேற்பில் இருந்த பெண் நேபாளி. பக்கத்துக் கடை ஒரு கிரேக்கக் குடும்பத்துடையது. முத்துக் குளிக்கவும் கட்டட வேலைக்கும் கலிம்னோஸ் தீவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இங்கே நிறைய. 1870-களிலேயே வந்த சீனர்கள், 1975-ல் தப்பி வந்த திமோர்க்காரர்கள், பிலிப்பினோக்கள், இந்தோனேசியர்கள் என்று ஊரே ஒரு கலவை. நகரத்தில் சுமார் பத்தில் ஒருவர் பூர்வகுடி. டார்வினைத் தலைநகராகக் கொண்ட வடக்குப் பிரதேசம் முழுவதையும் எடுத்தால் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர். மெல்போர்னில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் பூர்வகுடி மொழி ஒன்று காதில் விழாது. இங்கே பேருந்து நிறுத்தத்தில் நின்ற பத்து நிமிடத்தில் இரண்டு மொழிகள் கேட்டுவிட்டோம்.

சாயங்காலம் மின்டில் கடற்கரைச் சந்தை. மழை இல்லாத மாதங்களில் வியாழனும் ஞாயிறும் நடக்கும். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக் கடைகளைச் சொல்லி மாளாது. ஆனால் எனக்கு அங்கே வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கடற்கரையில் பூர்வகுடி மக்களின் இடுகாடு இருந்தது. கடற்கரைக்குப் பக்கத்து மேட்டில், 1913-லிருந்து 1939 வரை, காலின் என்ற அடைப்பு முகாம் இருந்தது. ஊருக்குள் கடலோரமாக வாழ்ந்துவந்த லராக்கியா மக்களையும் மற்றவர்களையும் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். பகலில் வெள்ளையர் வீடுகளில் துணி துவைக்கவும் தோட்ட வேலைக்கும் வரலாம். இருட்டிய பிறகு ஊருக்குள் இருக்கக் கூடாது. கலப்புப் பிறப்புக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து அங்கேயே தனி வீட்டில் அடைத்தார்கள். பின்னால் அந்த மேட்டிலேயே ஆஸ்பத்திரி கட்டினார்கள், அதையும் பிறகு இடித்துவிட்டார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் நடந்துபோய்விடும் தூரம்தான். நாங்களும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வெள்ளி

காலையில் நகர மன்றக் கட்டடத்தின் பின்னால் இருக்கும் பெரிய ஆலமரத்தைப் பார்க்கப் போனோம். லராக்கியா மொழியில் அதன் பெயர் கலமர்மா. 1942-ன் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கும், 1974 கிறிஸ்துமஸ் இரவில் ஊரையே தரைமட்டமாக்கிய டிரேசி புயலுக்கும் தப்பி நிற்கிற மரம். எல்லாச் சமூகத்தாரும் கூடிப் பேசிய இடம் என்கிறார்கள். அந்தத் தெருவுக்கு 1966-ல் மேயரான சீன வம்சாவளி ஹாரி சானின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். வந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்தான் இது, அதில் சந்தேகமே இல்லை. ஊர்க்காரர்களின் கதைதான் வேறு.

அந்தக் கதைக்காக அங்கிருந்து ஆளுநர் மாளிகைக்கு நடந்தோம். கடலைப் பார்த்த வெள்ளை மாளிகை, சுற்றிலும் பூந்தோட்டம். உள்ளே போகவில்லை; எனக்கு வேண்டியிருந்தது வாசல்தான்.

1972 அக்டோபரில் ராணி எலிசபெத்தின் தங்கை இளவரசி மார்கரெட் இங்கே வந்து தங்கினார். லராக்கியா மக்களும் அவர்களுடைய நண்பர்களும் அவரிடம் கொடுப்பதற்காக ராணிக்கு ஒரு மனு எழுதினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். தாள்களை ஒட்டி ஒட்டி நீளம் 3.3 மீட்டருக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே குவால்வா தரனிகி, அதாவது 'எங்கள் நிலம்', என்ற பெயரில் அமைப்பாகித் தெருவில் உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள். பாபி செக்ரட்டரி என்ற லராக்கியா பெரியவர் அதன் முன்னணியில் இருந்தார். மாளிகை வாசலில் இளவரசிக்காகக் காத்திருந்தார்கள். அவரைப் பார்க்க வழி கிடைக்கவில்லை. போலீஸ் தடுப்பைத் தாண்டிப் போக முயன்றபோது நடந்த தள்ளுமுள்ளில் மனு கிழிந்துபோனது. கிழிந்த தாளை டேப் போட்டு ஒட்டி, லண்டனில் பக்கிங்காம் அரண்மனைக்குத் தபாலில் அனுப்பினார்கள். அது அங்கிருந்து ஆஸ்திரேலிய அரசிடமே திரும்பி வந்தது.

தேசிய ஆவணக் காப்பகம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது, படம் இணையத்தில் கிடைக்கிறது. வாசலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்து ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒட்டிய தடம் அப்படியே தெரிகிறது. வரிசை வரிசையாகக் கைரேகைகள். எழுதியிருப்பது கொஞ்சம்தான்: குடியேறிகள் எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், எங்களோடு எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை, நியூசிலாந்தின் மாவோரிகளோடும் வட அமெரிக்கப் பழங்குடிகளோடும் செய்தீர்களே, மூதாதையரின் நாட்டிலேயே நாங்கள் அகதிகளாக இருக்கிறோம், எங்களுக்கு நிலமும் அரசியல் பிரதிநிதித்துவமும் வேண்டும். அவ்வளவுதான். டார்வினுக்கு வெளியே விக்கம் பாயின்ட் தடுப்பு முகாமில் படகில் வந்த ஈழத்தவர்கள் அடைபட்டுக் கிடந்த செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு, ஒருவர் தன் சொந்த ஊர்த் தெருவில் நின்றுகொண்டு நான் அகதி என்று கைநாட்டு வைப்பதன் கனம் புரியாமல் போகாது.

என் மகள் பள்ளியில் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் அந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு மரியாதை சொல்வார்கள். அவளுக்கு அது மனப்பாடம். மனுவைப் படித்து முடித்துவிட்டு, "சரிம்மா, அப்புறம் அவங்க நிலம் திரும்பக் கிடைச்சுதா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லவே திங்கட்கிழமையை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றேன்.

சனி

பாராப் சந்தையில் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பு. டார்வின்காரர்கள் சனிக்கிழமை காலை இதைச் சாப்பிடாமல் இருக்கமாட்டார்கள். தேங்காய்ப்பாலும் காரமும் நம் நாக்குக்கு அந்நியமில்லை.

வழியில் ஒரு புளியமரத்தைப் பார்த்துவிட்டு மகளை நிறுத்திக் காட்டினேன். ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையோரம் புளியமரம் நிற்கும் இடங்களில் பல, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து வந்த மக்காசர் மாலுமிகள் தங்கிய இடங்கள். கடல் அட்டை பிடிக்க ஆண்டுதோறும் பருவக்காற்றோடு வந்து, கரையிலேயே வேகவைத்து உலர்த்தி, சீனாவுக்கு விற்கக் கொண்டுபோவார்கள். மன்னார் வளைகுடாப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வேலையை விளக்கவே வேண்டாம். கூடவே கொண்டுவந்த புளியின் கொட்டைகள்தான் இங்கே மரமாகி நிற்கின்றன. வெள்ளையர் வருவதற்கு வெகு காலம் முன்பே, டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் ஆர்னம் லாண்ட் மக்கள் அவர்களோடு வியாபாரம் செய்தார்கள், படகு கட்டக் கற்றார்கள், சிலர் மக்காசர் வரை போய் வந்தார்கள். அப்போது இந்தப் பகுதியை நிர்வகித்த தெற்கு ஆஸ்திரேலிய அரசு 1907-ல் அந்தப் போக்குவரத்தை முடித்துவைத்தது. பூர்வகுடிகள் வெளியுலகமே தெரியாமல் தனியாகக் கிடந்தார்கள் என்று இன்னும் சொல்லித் திரிகிறவர்களுக்கு இந்த மரத்தைக் காட்ட வேண்டும்.

மதியம் முதல் சாயங்காலம் வரை டார்வின் பூர்வகுடிக் கலைச் சந்தை. 2007-லிருந்து நடக்கிறது. நாடு முழுவதிலும் இருந்து எழுபதுக்கும் மேற்பட்ட கலை மையங்கள் வருகின்றன. இந்த மையங்கள் அந்தந்தச் சமூகத்துக்கே சொந்தமானவை. விற்கிற பணம் முழுவதும் மையத்துக்கும் கலைஞருக்கும் போகிறது. வரைந்தவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் கதை சொல்வார். சொல்லக் கூடாத கதை என்றால் சொல்லமாட்டார், நாமும் அதோடு விட்டுவிட வேண்டும்.

நான் நகராமல் உட்கார்ந்துவிட்டது பாய், பை பின்னும் பெண்களிடம். ஆர்னம் லாண்டிலிருந்து வந்த ஒரு பெரியம்மா. இங்கே வயதில் மூத்த பூர்வகுடிப் பெண்களை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மடியில் பாண்டனஸ் ஓலை. நம் தாழை இனம்தான், ஓரமெல்லாம் முள். கட்டைவிரல் நகத்தால் ஓலையின் நுனியைக் கீறி, முள் ஓரத்தை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார். பிறகு ஓலையின் தடிமனையே இரண்டாகப் பிரித்தார், மேல்தோல் ஒன்று, அடித்தோல் ஒன்று. என் மகள் முயன்றபோது பாதியிலேயே அறுந்தது. ஆன்ட்டி ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஓலையைக் கொடுத்தார். நாலாவது ஓலையோ ஐந்தாவதோ, முழுசாக வந்தது.

உரித்ததை உலர்த்திப் பிறகு சாயம். ஒரு செடியின் வேரைத் தோண்டியெடுத்து, தோலைச் சீவி நசுக்கி, ஓலையோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் நல்ல மஞ்சள். அதே தண்ணீரில் ஒரு கை சாம்பலைப் போட்டால் சிவப்பாக மாறுகிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நம் வீட்டுத் தட்டில் நடக்கிற அதே மாற்றம். அதை ஆன்ட்டியிடம் சொன்னேன். கையில் இருந்த பின்னலைக் கீழே வைத்துவிட்டு, எந்த வேர், காயவைப்பீர்களா, பச்சையாக அரைப்பீர்களா என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். எந்த வேர் எந்தப் பக்கத்து மண்ணில் நல்ல நிறம் தரும், எந்த மாதத்தில் தோண்ட வேண்டும், எவ்வளவு விட்டுவைத்தால் அடுத்த வருஷம் திரும்ப வரும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. ஒரு சின்னப் பைக்கு வாரக்கணக்கில் வேலை. விலையைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் அந்த ஓலையில் ஒன்றை உரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நினைவுப் பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சுற்றுலாக் கடைகளில் புள்ளி வைத்த பூமராங் என்று கிடைப்பவற்றில் நிறைய வெளிநாட்டில் செய்த போலிகள். 2019-ல் இப்படி இந்தோனேசியாவில் செய்ததைப் பூர்வகுடிக் கலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. செய்தவர் பெயரும், மையத்தின் பெயரும், சான்றிதழும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

ஞாயிறு

வடக்குப் பிரதேச அருங்காட்சியகம். நுழைவாயிலில், இறந்துபோன பூர்வகுடிகளின் படமும் பெயரும் உள்ளே இருக்கலாம் என்ற அறிவிப்பு. இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் இருப்பது பல சமூகங்களில் துக்கத்தின் முறை. டிரேசி புயலின் ஒலிப்பதிவைக் கேட்கும் இருட்டறைக்குள் நானும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம்.

வந்த காரியம் தேசியப் பூர்வகுடிக் கலை விருதுக் காட்சி. 1984-ல் தொடங்கியது, இந்த வகையில் நாட்டிலேயே பழையது. மரப்பட்டை ஓவியங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். மழைக்காலத்தில் பட்டை ஈரமாக இருக்கும்போது யூகலிப்டஸ் மரத்திலிருந்து உரித்து, நெருப்பில் வாட்டி, கனம் ஏற்றித் தட்டையாக்குகிறார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் மண்ணிலிருந்து, கறுப்பு கரியிலிருந்து. நீளமான தலைமுடியைக் குச்சியில் கட்டிய தூரிகையால் இழை இழையாகக் கோடு போடுகிறார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒரு கோடுகூட அடுத்ததை இடிக்கவில்லை. தள்ளி நின்று பார்த்தால் முழுப் பரப்பும் தண்ணீர் மாதிரி அசைகிறது.

ஆர்னம் லாண்டின் யிர்காலா பகுதிக் கலைஞர்களின் உலோக வேலைப்பாடு இன்னொரு ஆச்சரியம். மண்ணைப் பற்றி வரைவதென்றால் அந்த மண்ணின் பொருளைக் கொண்டுதான் வரைய வேண்டும் என்பது அங்கே மூத்தவர்களின் கட்டளை. அந்த மண்ணில் எறிந்து கிடக்கும் தகரமும் அந்த மண்ணின் பொருள்தானே என்று குன்பி கனம்பார் என்ற கலைஞர் எடுத்து வேலை செய்தார். மூத்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அலுமினியத் தகட்டில் செதுக்கிய படைப்புக்கு 2018-ல் இந்த விருதின் முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மரபு எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்திருக்கிறது: கேட்டவர் கேட்டார், பெரியவர்கள் யோசித்தார்கள், வழி திறந்தது.

அருகிலேயே பழைய ஃபேனி பே சிறை. நெமர்லுக் என்ற போராளியை 1930-களில் இங்கே அடைத்து வைத்திருந்தார்கள். காவலிலிருந்து தப்பி, முதலைகள் இருக்கிற இந்த வளைகுடாவை நீந்திக் கடந்து அக்கரை சேர்ந்தார் என்று சொல்கிறார்கள். மறுபடி பிடிபட்டார்.

இதைவிட என் மனதில் நிற்பது ஃப்ரெட் வாட்டர்ஸ் என்ற லராக்கியா பெரியவர்; நட்பூர் என்றும் அவருக்குப் பெயர். 1951-ல் பூர்வகுடித் தொழிலாளர்கள் கூலியும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது தலைமையேற்றவர். பூர்வகுடி விவகாரத் துறை அவரைப் பிடித்து, நாட்டின் நடுவில் இருக்கும் ஹாஸ்ட்ஸ் பிளஃப் பாலைவனத்துக்கு நாடு கடத்தியது. கடலையே ஊராகக் கொண்டவரைக் கடல் வாசனையே இல்லாத இடத்துக்கு அனுப்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. தெற்கே தொழிற்சங்கங்கள் பெரிதாகக் குரல் கொடுத்த பிறகு, சில வாரங்கள் கழித்துத் திரும்ப விட்டார்கள்.

சாயங்காலம் கசுவரினா கடற்கரை. கடல் வற்றும்போது தூரத்தில் ஒரு பாறை தெரியும். தரிபா நுங்கலின்யா, ஆங்கிலத்தில் கிழவன் பாறை. லராக்கியா மக்களின் மூதாதை அவர்; புயலும் நிலநடுக்கமும் அவர் கையில். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட புனிதத் தலம், கிட்டே போகக் கூடாது. டார்வினில் கடல் ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் ஏழு மீட்டரைத் தாண்டும் என்பதால் பார்க்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். காற்று பலமாக அடித்தது. லராக்கியா நாட்காட்டியில் வருஷத்துக்கு ஏழு பருவங்கள். இது குருல்வா, பெருங்காற்றின் பருவம்.

திங்கள்

மகளின் கேள்விக்குப் பதில் தேடி இன்று காக்ஸ் தீபகற்பம் போனோம். டார்வின் கரையில் நின்றால் எதிரே தெரிகிற நிலம்தான். படகில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். நாங்கள் வேண்டுமென்றே வாடகைக் காரில், வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போனோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஊரைத் தாண்டியதும் காடு, கரையான் புற்றுகள், மறுபடி காடு. ஏன் சுற்றி வந்தோம் என்பதை மகளுக்கு வண்டியிலேயே சொன்னேன்.

1976-ல் நில உரிமைச் சட்டம் வந்தது. நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்தை அந்தச் சட்டத்தில் கோர முடியாது. 1979-ல் இந்தத் தீபகற்பத்துக்குக் கென்பி என்ற பெயரில் கோரிக்கை வைத்தார்கள். அதற்குள் பிரதேச அரசு டார்வின் நகர எல்லையை விரித்து, நாங்கள் கடந்துவந்த இந்தக் காடு முழுவதையும் நகரம் என்று அறிவித்திருந்தது. வீடு இல்லை, கடை இல்லை, ஆனால் நகரம். அதை எதிர்த்து, பூர்வகுடிகளின் நிலத்துக்காக வாதாடும் வடக்கு நில மன்றம் உயர் நீதிமன்றம் போனது. அந்த அறிவிப்பு உள்நோக்கத்தோடு செய்ததா என்று விசாரிக்கலாம் என்று 1981-ல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் விசாரணை, மேல்முறையீடு, பேச்சுவார்த்தை. 2016 ஜூன் 21-ல் அப்போதைய பிரதமர் மால்கம் டர்ன்புல் இங்கே வந்து நிலப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார். 37 வருஷம். கோரிக்கை வைத்த பெரியவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

அக்கரையில் டார்வின் நகரம் இருக்கிறதே, அது கிடைக்கவில்லை. குலாலுக் என்ற ஒரு துண்டு நிலத்தின் குத்தகை 1979-ல் கிடைத்தது. நகரத்தின் மற்ற பகுதிகள் மேல் மரபு உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கை 2006-ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. லராக்கியா மக்கள் இன்றும் உயிர்ப்புள்ள சமூகம்தான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் மரபின் தொடர்ச்சி அறுந்துபோனது என்றார். அறுத்தது யார் என்பதைக் காலின் மேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அது எப்படிம்மா நியாயம்?" என்றாள். நியாயமில்லை என்றேன்.

பெல்யூவென் என்ற பூர்வகுடிக் கிராமத்துக்குத் திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இது பூர்வகுடி நிலம், அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று பலகை. எங்களிடம் சீட்டு இல்லை. நாங்கள் அங்கே போக வேண்டிய வேலையும் இல்லை. நிலம் அவர்களுடையது, யார் உள்ளே வரலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மகள் இறங்கிப் போய் அதை இரண்டு தரம் படித்தாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு மன்டோரா கடற்கரைக்குப் போய், கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம்.

அடுத்து திவி தீவுகள். கல்லன் பேயிலிருந்து படகில் இரண்டரை மணி நேரம். இந்த வாரமே கிளம்புகிறோம், போய்வந்து எழுதுகிறேன்.